பின் சக்கரம்

ஜோசஃபின் அக்காவின் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பழைய வண்டியைப் பிரிக்கிற நாளில் அதன் சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொன்றாகக் கழற்றி, கன்னட நாளிதழ்த் தாள்களின் மேல் வரிசையாக வைப்பார். ஒரு தாள் நிறைந்ததும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, தாளின் ஓரத்தில் நம் கையெழுத்தை வாங்குவார். முழுக்கப் பிரித்து முடித்த பிறகுதான், அந்த வண்டியைப் புதுப்பிப்பதில் அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்று வாயைத் திறப்பார்.

"போன வருஷம் ஒருத்தன், அவன் கார்புரேட்டரை நான் திருடிட்டேன்னு சர்ச் வாசல்ல நின்னு கத்துனான் மேன். சண்டே, ஜனம் எல்லாம் வெளிய வர்ற நேரம். அன்னைலேர்ந்து இந்தப் பேப்பர்" என்றார்.

என் தங்கை மோனிகா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னாலிருந்து பின்னால் என்ற வார்த்தைகளையே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியென்றால் பின் சக்கரம் கடைசியில்தான் வரும். அதற்குள் ஏதாவது ஒன்று உடைந்திருக்கலாம். சட்டம் விரிசல் விட்டிருக்கலாம், எஞ்சின் துருப்பிடித்து ஒரே கட்டியாகியிருக்கலாம். "இது தேறாதுப்பா, குஜிரிக்குப் போடு" என்று பழைய இரும்புக்காரனுக்கு அவரே போன் பண்ணிவிடலாம்.

பெங்களூர் பிரேசர் டவுனில் மசூதிக்குப் பின்னால் இருக்கும் சந்து அது. சனிக்கிழமை காலை பத்து மணி. கடைக்கு நடுவில் ஒரு மரப்பலகை மேல் அப்பாவின் ஆர்எக்ஸ் ஹண்ட்ரட் பைக் நின்றது. பதினொரு வருடம் ஒரு காவல் நிலையத்தின் பின்புறத்தில் மண்ணில் புதைந்து கிடந்த வண்டி. கைப்பிடியில் காய்ந்த கொடி இன்னும் சுற்றியிருந்தது. பின்பக்கம் முழுவதும் செம்மண் அப்பி, சக்கரம் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு விலங்கு மண்ணிலிருந்து பாதி வெளியே வந்து, மீதியை யோசித்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

அந்தப் பின்பக்கத்தை நான் பார்க்கவில்லை. வண்டியை டெம்போவில் ஏற்றும்போதும் பார்க்கவில்லை, இறக்கும்போதும் பார்க்கவில்லை.

அம்மா உயிரோடு இருந்தவரை அந்த வண்டியை யாரும் கேட்கப் போகவில்லை. "அது இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மா இறந்து எட்டு மாதம் ஆனபோது, யாரும் கேட்காத வண்டிகளை ஏலம் விடப்போவதாக நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. மோனிகா எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்கு விடுப்புப் போட்டு, கோர்ட்டுக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் ஏழு தடவை அலைந்து வண்டியை மீட்டாள். எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் மாற்றினாள்.

"சரி பண்ணி நானே ஓட்டப்போறேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமைல கே.ஜி.எஃப். போவேன். அப்பா போக இருந்த ரோட்ல போய் முடிப்பேன்."

"வேணாம் மோனி. செலவும் வீண், மெனக்கெடலும் வீண். அப்படியே வாங்கிக்க ஆள் இருக்கு, குடுத்துடலாம்."

"உனக்குப் பயம்ணா. பதினொரு வருஷமா பஸ்லயே போறே வர்றே. நான் உன்ன ஓட்டச் சொல்லலியே."

விபத்தில் அப்பா போனதால் எனக்கு இருசக்கர வண்டி என்றாலே பயம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருவர் நம்மைப் பற்றித் தவறாக, ஆனால் அன்பாக நினைத்துக்கொண்டிருக்கும்போது அதைத் திருத்தத் தோன்றுவதில்லை.

ஜோசஃபின் அக்கா ஹெட்லைட்டைக் கழற்றினார். மீட்டரைக் கழற்றினார். முன் சக்கரத்தை உருவினார். முதல் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன்: குணசேகர். பக்கத்தில் மோனிகா. பிறகு, கைப்பிடித் தண்டுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சேஸிஸ் நம்பர் இருக்கு. சுத்தமா இருக்கு" என்றார். "இது இல்லன்னா இப்பவே மூட்டை கட்டியிருப்பேன். கழுத்துலயும் வெல்டிங் நிக்குது. விழுந்த வண்டின்னு சொன்னீங்களே, நம்பவே முடியலை."

மோனிகா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். நான் தலையை ஆட்டினேன்.

இரண்டாவது தாள், மூன்றாவது தாள். எஞ்சினும் உடைந்திருக்கவில்லை. கிக்கரை அழுத்திப் பார்த்தபோது இறுகித்தான் இருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்து, நாற்பது நிமிடம் கழித்து மறுபடி அழுத்தினார். ஒரு பெருமூச்சு போலச் சத்தம் வந்தது, பிஸ்டன் இறங்கியது.

"அய்யோ கண்ணு!" என்றார் அக்கா, வண்டியைப் பார்த்து. "இவ்வளவு நாள் யாருக்காக மூச்சைப் புடிச்சிட்டிருந்தே?"

"அப்போ தேறும்தானே அக்கா?" என்றாள் மோனிகா.

"இன்னும் பின்பக்கம் பாக்கலியே. அவசரப்படாதே."

வாளியில் தண்ணீர் எடுத்துவந்து பின் சக்கரத்து மண்ணின் மேல் மெதுவாக ஊற்றத் தொடங்கினார். செம்மண் தண்ணீர் தரையில் ஓடி, என் செருப்புக்கு அடியில் வந்து நின்றது.

அப்பா இறந்த வருடத்து ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலமும் இப்படித்தான் தண்ணீர் ஓடியது. எங்கள் தெரு முழுக்க வண்டி கழுவுகிற தண்ணீர். கே.ஆர். புரத்தில் அப்போது ஒவ்வொரு வாசலிலும் ஒரு வண்டி நின்றது. எனக்கு இருபத்திரண்டு வயது, மோனிகாவுக்குப் பதினாலு. சக்கரத்தின் உட்பக்கத்தில்கூட ஒரு துளி மண் இருக்கக்கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். தங்கச் சுரங்கம் மூடும் வரை கே.ஜி.எஃப்.பில் வேலை பார்த்தவர். கருவிக்குச் செய்கிற பூஜையை அரைகுறையாகச் செய்தால் அது பதிலுக்கு நம்மைக் கைவிடும் என்பார். நான் பின் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் தட்டைத் துடைத்து, சங்கிலியைத் தேய்த்து மறுபடி மாட்டினேன். நடு அச்சின் நட்டை முறுக்கினேன். பிரேக் கம்பியைச் சேர்த்தேன்.

மீதி ஒன்றுதான் இருந்தது. பிரேக் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிவிடாதபடி அதைப் பிடித்து நிறுத்துகிற ஒரு சின்னக் கம்பி. அந்தக் கம்பியின் நட்டைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றினேன். ஸ்பேனரை எடுக்கத் திரும்பினால், ஸ்பேனர் பெட்டி இல்லை.

மோனிகா கையில் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள். "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டேன்ணா! சாமிகிட்ட அடுக்கிட்டேன். நாளன்னைக்குப் பூஜை எடுக்கற வரைக்கும் நீ தொடவே கூடாது. தொட்டே, கையை உடைப்பேன்."

பூஜையில் வைத்த கருவியைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால், அன்று எந்த வீட்டிலும் ஸ்பேனர் இரவல் கிடைக்காது. எல்லார் வீட்டிலும் அது சாமி முன்னால் சந்தனம் பூசிக்கொண்டிருக்கும். கடைகளும் மூடிவிட்டன. பூஜை முடிந்து, மறுபூஜை போட்டு எடுக்கும் வரை வண்டியும் நகரப்போவதில்லையே, அப்புறம் முறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நட்டு கழன்று விழாமல் குறுக்கே போடுகிற பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் படையல் போட்டோம். எல்லாம் அழகாக இருந்தது. அந்த நட்டை நான் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். நின்றது.

விஜயதசமி அன்று விடியற்காலையில் கே.ஜி.எஃப்.பிலிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. கூடச் சுரங்கத்தில் வேலை பார்த்த தனக்கோடிக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. அப்பா யாரையும் எழுப்பாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஏழு மணிக்கு எழுந்து வாசலுக்கு வந்தபோது நசுங்கிய எலுமிச்சம்பழம்தான் கிடந்தது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"எதுக்குடா அப்பாவுக்கு விடாம அடிச்சிட்டே இருக்கே?" என்று அம்மா கேட்டார்.

"சும்மா" என்றேன்.

எட்டு மணிக்கு மேல் யாரோ ஒருவர் அப்பாவின் போனை எடுத்தார். நரசாபுரம் தாண்டி, முன்னால் போன லாரி பிரேக் போட்டிருக்கிறது. அப்பாவும் போட்டிருக்கிறார். கோலார் ஆஸ்பத்திரி வாசலில் அந்த லாரி கிளீனர் என்னிடம் மட்டும் கன்னடத்தில் சொன்னான்: பின் சக்கரத்தை யாரோ கயிறு போட்டுக் கட்டின மாதிரி சட்டென்று நின்றது, வண்டி குறுக்கே திரும்பிவிட்டது. அந்தச் சின்னக் கம்பி கழன்றுகொண்டால் அதுதான் நடக்கும். தட்டு சுற்றும், பிரேக் கம்பி அதோடு சுருட்டிக்கொள்ளும், சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா ஒரு காலத்தில் குடித்தவர், இரண்டு வருடமாக விட்டிருந்தார். போலீஸ் கேட்டபோது, முதல் நாள் பூஜை ஆயிற்றே, பழக்கம் திரும்பியிருக்கும் என்று ரகுராம் சித்தப்பா சொல்லிவிட்டார். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. காரணம் இல்லாமல் ஒரு மனிதர் விழுந்து செத்தார் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை வர நாளாகும் என்றார்கள். அதை யாரும் போய் வாங்கவில்லை. அம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். பத்து வருடம், அப்பாவின் படத்துக்குப் பூப் போடும்போதெல்லாம், "சத்தியம் பண்ணிட்டு ஏமாத்திட்டுப் போயிட்டீங்களே" என்பார். மோனிகா மட்டும் ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு வருவாள். "அப்பா குடிக்கலம்மா. எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"இங்க வாங்க ரெண்டு பேரும்" என்றார் ஜோசஃபின் அக்கா.

சக்கரம் கழுவப்பட்டிருந்தது. அக்கா டார்ச்சைப் பிடித்திருந்தார். நான் பார்த்தேன்.

கம்பி இருந்தது. அதன் நுனியில் நட்டு இருந்தது. நட்டின் குறுக்கே பின் இருந்தது, இரண்டு கால்களும் ஒழுங்காக மடக்கப்பட்டு.

பக்கத்தில் இருந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நட்டு கழலவே இல்லை. அப்பா புறப்படுவதற்கு முன்னால் பார்த்து முறுக்கியிருக்கிறார். வேறு ஒரு பின்னைத் தேடிப் போட்டிருக்கிறார். அவர்தான் எதையும் பார்க்காமல் எடுக்கிறவர் இல்லையே. பதினொரு வருடம் நான் செய்யாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கடைக்கு வெளியே ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. அதுகூட இனிமையாகக் கேட்டது.

"என்னணா ஆச்சு? வேர்க்குது உனக்கு."

"ஒண்ணுமில்ல. வண்டி பரவால்ல மோனி. பண்ணிடலாம். நல்லா பண்ணிடலாம்."

"இதப் பாருடா! காலையிலேர்ந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தவன்."

"சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்றேன்" என்றார் அக்கா. விரல் நகத்தால் சக்கரத்து இரும்பு வளையத்தைச் சுரண்டினார். "இது உங்க வண்டிச் சக்கரம் இல்ல."

"என்னது?"

"ரிம்முல வருஷம் குத்தியிருக்கு பாரு. ரெண்டாயிரத்து மூணு. உங்க வண்டி தொண்ணூத்தி நாலு. டிரம், பிரேக் தட்டு, இந்தக் கம்பி, எல்லாமே வேற வண்டியோடது. உங்கப்பா ரிம் மாத்தினாரா?"

"இல்லியே" என்றாள் மோனிகா. "அப்பா டயர்தான் மாத்துவார்."

"அப்போ போலீஸ் யார்டுல எவனோ நல்ல சக்கரத்தை உருவிட்டு, அவன் வண்டிச் சக்கரத்தை இதுல சொருகிட்டான். சகஜம்மா. பழைய சக்கரம் இப்ப எந்த ஊர்ல சுத்துதோ." டார்ச்சை அணைத்தார். "இதனால நஷ்டம் ஒண்ணும் இல்ல. இதுவே நல்ல சக்கரந்தான். சட்டம் நேரா இருக்கு, எஞ்சின் திறந்துச்சு, பேப்பர் இருக்கு. நான் சொல்றேன், இந்த வண்டி வொர்த். தாராளமா பண்ணலாம், நாலு மாசம் ஆகும். என்ன சொல்றீங்க?"

மோனிகா என்னைப் பார்த்தாள். பண்ணிடலாம் என்ற வார்த்தையை நான் இப்போதுதான் சொல்லியிருந்தேன். அதை இன்னொரு தடவை சொன்னால் போதும். நட்டைப் பற்றிச் சொல்ல உலகத்தில் இனி ஒரு பொருளும் இல்லை. எந்த ஊரிலோ சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரத்துக்கு வாய் கிடையாது. நாலு மாதத்தில் வண்டி பளபளவென்று வந்து நிற்கும். இவள் அதில் ஏறி, அதே ரோட்டில், அப்பா குடிக்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போவாள். பின் சக்கரத்தை இவளுக்குக் கீழே கற்பனை செய்து பார்த்தேன்.

"மோனி, அந்த நட்டை நான் முறுக்கல."

"எந்த நட்டு?"

"அப்பா போன அன்னைக்கு. இந்தக் கம்பி நட்டு. சக்கரத்தைக் கழுவ நான்தான் கழட்டினேன். கையால ரெண்டு சுத்து சுத்திட்டு விட்டுட்டேன். பின்னும் போடலை, என் சட்டைப் பையிலயே இருந்துச்சு. அது கழண்டா சக்கரம் பூட்டிக்கும். லாரி கிளீனர் சொன்னான், கட்டிப்போட்ட மாதிரி நின்னுச்சுன்னு. என்கிட்ட சொன்னான்."

ஜோசஃபின் அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "நான் டீ சொல்லிட்டு வரேன்" என்று சந்துக்குள் இறங்கிப் போனார். டீக்கடை எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அவர் எதற்கோ வேறு பக்கம் நடந்தார்.

மோனிகா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தக் கம்பியின் நட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ அப்பா குடிச்சிருக்கல" என்றாள்.

நான் எதிர்பார்த்தது அது இல்லை.

"குடிக்கல" என்றேன்.

"உனக்கு அது எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. பூஜை முடிஞ்சு தூங்கற வரைக்கும் என்கூடத்தானே இருந்தார்."

"அன்னைக்கேன்னா? சாவு வீட்டுல சித்தப்பா அம்மாகிட்ட சொல்லிட்டிருந்தாரே, அப்பவா? நீ பக்கத்துல நின்னியே."

"ஆமா."

அவள் எழுந்து, தாள்களுக்கு நடுவே நடந்து, சுவர் வரை போய்த் திரும்பினாள். கால் பட்டு ஒரு போல்ட் உருண்டது. குனிந்து எடுத்து அதை அதன் இடத்திலேயே வைத்தாள்.

"ஏன் முறுக்கல?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதினொரு வருடமும் இதற்குத்தான் பயந்தேன். அல்லது இதற்குத்தான் பயப்படுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மறந்துட்டேன்."

"பொய். நீ பின்னைப் பையில போட்டு வெச்சுக்கற ஆளு. மறக்கற ஆளா?" நின்றாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகத் திரும்புவதைப் பார்த்தேன், தூங்குகிறவர் புரண்டு படுப்பது போல. "ஸ்பேனர் எங்கிட்ட இருந்துச்சு."

"மோனி..."

"நான்தான் எடுத்துட்டுப் போய் சாமிகிட்ட வெச்சேன். தொட்டா கையை உடைப்பேன்னேன்."

"நீ சின்னப் பொண்ணு. உன் மேல ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் நான் சொல்லலை. உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டே, அம்மாவும் தாங்க மாட்டாங்கன்னு..."

"நிறுத்துணா." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் அழுதிருப்பேன். ஒரு மாசம் அழுதிருப்பேன். அப்புறம் அம்மாகிட்டப் போய், அப்பா சத்தியத்தை மீறலம்மான்னு சொல்லியிருப்பேன். அம்மா அப்பாவைத் திட்டாம செத்திருக்கும். என்னையா காப்பாத்துனே நீ?"

அவள் சக்கரத்தைக் காட்டினாள்.

"நட்டு கழண்டுச்சா இல்லையான்னு உனக்குமே தெரியாது. எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியப்போறதில்ல. அதை விடு. ஆனா அப்பா குடிக்கலன்னு உனக்குத் தெரியும். அது கழண்ட நட்டு இல்லணா. தினமும் நீயா கழட்டினது."

டீ வந்தது. ஜோசஃபின் அக்காவே மூன்று கிளாஸையும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு வந்தார். நின்றபடியே குடித்தோம்.

"அக்கா" என்றாள் மோனிகா. "அந்த நட்டைக் கையால மட்டும் சுத்தி விட்டா, நாப்பது கிலோமீட்டர் போறதுக்குள்ள கழண்டுடுமா?"

அக்கா என்னைப் பார்க்காமலே யோசித்தார். "ஆறே கிலோமீட்டர்ல கழண்டதைப் பாத்திருக்கேன். ரெண்டு வருஷம் அப்படியே ஓட்டுனவனையும் பாத்திருக்கேன். தெரியாதும்மா. தெரியும்னு எவனாவது சொன்னா நம்பாதே."

"சரி." மோனிகா கிளாஸைக் கீழே வைத்தாள். "வண்டிக்கு இப்ப பதில் சொல்லலை அக்கா. அண்ணன் இப்ப கே.ஜி.எஃப். போறான். சித்தப்பா முன்னாடி நின்னு எல்லாத்தையும் சொல்லப்போறான். சொல்லிட்டு அவனே உங்களுக்குப் போன் பண்ணுவான். பண்ணான்னா வண்டியைப் பண்ணலாம். பண்ணலைன்னா குஜிரிக்குப் போட்டுடுங்க. இதுல நான் ஏற மாட்டேன்."

"இன்னைக்கேவா?" என்றேன். "வண்டி ரெடியானதும் ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்லலாமே. அதுல போனா அவருக்கும்..."

"பாத்தீங்களா அக்கா? இன்னும் நாலு மாசம் வாங்கப் பாக்கறான்."

அக்கா சட்டென்று சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் கடையை விட்டு இறங்கும்போது மோனிகா பின்னாலிருந்து கூப்பிட்டாள். "ஸ்பேனரை நான் எடுத்ததையும் சேத்து சொல்லு. அதை விட்டுட்டு சொன்னா நீ சொன்னதா ஆகாது."

கண்டோன்மென்டில் மதிய ரயிலைப் பிடித்தேன். மாரிக்குப்பம் போகிற ரயிலில் சனிக்கிழமை மதியம் கூட்டம் இல்லை. எதிரே ஒரு குடும்பம் தக்காளி சாதம் சாப்பிட்டது. ஒயிட்பீல்டு தாண்டியதும் இறங்கிவிடலாம் என்று தோன்றியது. மாலூரிலும் தோன்றியது. பங்காருப்பேட்டையில் ரயில் நின்றபோது நான் எழுந்து கதவு வரைக்கும் போனேன். பெங்களூர் திரும்புகிற ரயில் எதிர் நடைமேடையில் நின்றது. நாலு எட்டு வைத்தால் போதும். "ஏறுறீங்களா, இறங்குறீங்களா, வழியை விடுங்க சார்" என்று ஒரு பெண் கூடையை என் முழங்காலில் இடித்துக்கொண்டு ஏறினார். நான் ஒதுங்கி உள்ளே வந்தேன். ரயில் கிளம்பியது. தூரத்தில், யாரோ சாம்பல் நிறக் கடலை ஊற்றி உறையவைத்தது போல, சுரங்கத்து மண் மேடுகள் வரத் தொடங்கின.

கே.ஜி.எஃப். சாம்பியன் ரீஃபில் சித்தப்பாவின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவர் லுங்கியோடு கட்டிலில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய் குணா! என்னடா சொல்லாம கொள்ளாம? பொண்ணு கிண்ணு பாத்துட்டியா? வா, உக்காரு. சித்தி ரேஷனுக்குப் போயிருக்கா. சாப்டியா?"

"டி.வி.யை நிறுத்துங்க சித்தப்பா."

"ஏன்டா, மோனிக்கு ஏதாவது..."

"மோனி நல்லாருக்கா. நிறுத்துங்க."

நிறுத்தினார். நான் உட்காராமலே சொன்னேன். சக்கரத்தைக் கழற்றியது, மாட்டியது, கையால் சுற்றிய இரண்டு சுற்று, காலையில் போட்ட போன்கள், லாரி கிளீனர். ஸ்பேனரை மோனி எடுத்ததைச் சொன்னேன். கேட்டிருந்தால் திருப்பித் தந்திருப்பாள், நான் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சித்தப்பா ரிமோட்டைக் கையிலேயே பிடித்திருந்தார்.

"உங்கம்மாகிட்ட நான்தான்டா சொன்னேன்" என்றார். "குடிச்சிருப்பார்னு."

"தெரியும்."

"நீ பக்கத்துல நின்னே."

"நின்னேன்."

அவர் எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய், ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை மாற்றி மாற்றிப் போட்டார்.

"தனக்கோடி மூணாவது லைன்ல இருக்கான்" என்றார். "தன்னைப் பாக்க வந்துதான் அண்ணன் செத்தான்னு இன்னைக்கும் அழுவான். அதுக்கு நான் என்ன சொல்வேன் தெரியுமா? நீ என்னடா பண்ணுவே, அவன் குடிச்சிட்டு வந்தான்னு சொல்வேன். பதினொரு வருஷமா அதைச் சொல்லித்தான் அவனைத் தேத்தறேன்." கதவைக் காட்டினார். "வா. அங்க வந்து சொல்லு. நானும் நிக்கறேன். எனக்கும் அங்க ஒரு பேச்சு இருக்கு."

வெளியே இறங்கி வேகமாக நடந்தார். செருப்பைக்கூடப் போடவில்லை. நான் பின்னால் ஓடினேன். பையில் போன் அடித்தது.

"என்னப்பா?" என்றார் ஜோசஃபின் அக்கா. "மழை வர்ற மாதிரி இருக்கு, பேப்பர் எல்லாம் பறக்குது. மாட்டவா, அள்ளிப் போடவா? உன் தங்கச்சி இங்கேயே டயர் மேல உக்காந்துட்டிருக்கா. உனக்குப் போன் போட்டுக் கேக்கவும் மாட்டேங்கறா, போகவும் மாட்டேங்கறா."

சித்தப்பா அதற்குள் மூன்றாவது வரிசையின் முனையில் நின்று, ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வீடு இருக்கு அக்கா" என்றேன். "முடிச்சுட்டுச் சொல்றேன். அவகிட்டயும் சொல்லுங்க."